மரக்கட்டை எவ்வளவு நேரம் காத்திருந்தது?

பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரே மரக்கட்டையை ஒரே பலகையின்மேல் வைத்து மூன்று முறை இழுத்தபோது, அது நகரத் தொடங்கும் கணத்தில் சுருள்வில் தராசு 70, 76, 73 கிராம் என மூன்று விதமாகக் காட்டியது, இவற்றுள் எது சரி? சராசரி எடுத்து எழுதுமாறு ஆய்வகத்தில் சொல்லியிருப்பார்கள். சராசரி எடுப்பதில் பிழையில்லை. ஆனால் மூன்று எண்களும் ஏன் வேறுபட்டன என்று கேட்காமல் விட்டால், இச்சோதனையின் மிகச் சுவையான பகுதி கைநழுவிப் போய்விடும்.

கணக்கு எளியது. கட்டை 200 கிராம் என்றால், 73-ஐ 200-ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.37 என்பது ஓய்வுநிலை உராய்வுக் குணகம், அதாவது அசையாதிருக்கும் கட்டையை நகர்த்தத் தேவையான விசைக்கும் அதன் எடைக்கும் உள்ள விகிதம். கட்டை நகர்ந்ததும் தராசின் முள் சட்டென்று இறங்கி, சீரான வேகத்தில் இழுக்கும்வரை 56 கிராமுக்கு அருகே நடுங்கிக்கொண்டு நிற்கும்; அதிலிருந்து வரும் 0.28 இயக்க உராய்வுக் குணகம். தராசு இல்லாதவர்கள் பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கலாம். சுமார் 20 பாகையில் கட்டை சறுக்கத் தொடங்கும். அக்கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பே ஓய்வுநிலைக் குணகம். இரண்டு உராய்வுகளும் சமமாக இருந்தால், அந்தக் கோணத்தில் கட்டை ஊர்ந்துதான் இறங்க வேண்டும்; உண்மையிலோ 50 செ.மீ. தூரத்தை ஒரு விநாடிக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்துவிடுகிறது. இந்தப் பாய்ச்சலைக் கொண்டே, இயக்க உராய்வு குறைவானது என்று 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் வாதிட்டார்.

ஏன் குறைகிறது? இழைப்புளியால் வழவழப்பாக்கிய மரமும், நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று அமரும்போது சில முகடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. கட்டையின் முழு எடையும் அந்தச் சின்னஞ்சிறு முகடுகளின்மேல் இறங்குகிறது. அழுத்தம் தாங்காமல் அவை நசுங்கி, எடையைத் தாங்கப் போதுமான பரப்பு சேரும்வரை விரிகின்றன. எடை இரட்டித்தால் உண்மையாகத் தொடும் பரப்பும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. கட்டையை அகன்ற பக்கமாக வைத்தாலும் குறுகிய பக்கமாக வைத்தாலும் குணகம் பெரிதாக மாறாததற்கு இதுவே காரணம்.

என்னைப் பல ஆண்டுகளாக வியக்க வைப்பது அடுத்து நடப்பதுதான். நசுங்கிய முகடுகள் அத்துடன் நிற்பதில்லை. கட்டை அசையாமல் இருக்கும் ஒவ்வொரு கணமும் அவை இன்னும் கொஞ்சம் தளர்ந்து விரிந்துகொண்டே போகின்றன. முதல் விநாடியிலிருந்து பத்தாவது விநாடிக்குள் எவ்வளவு பிடிப்பு கூடுகிறதோ, ஏறத்தாழ அதே அளவு மறுபடியும் கூடுவதற்கு நூறாவது விநாடிவரை காத்திருக்க வேண்டும். ஓய்வு நீள நீள இழுவிசை கூடுவதை, 1781-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்ற ஆய்விலேயே பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் பதிவுசெய்திருந்தார். 1972-இல் புவி இயற்பியலாளர் ஜேம்ஸ் டீட்டரிக் பாறைகளில் இதை அளந்து, நிலநடுக்க ஆய்வுக்குப் புதிய வழி திறந்தார்; 1994-இல் அவரும் சக ஆய்வாளர் கில்கோரும் ஒளி ஊடுருவும் பொருள்களை அழுத்தி, தொடுபுள்ளிகள் நேரத்தோடு பெரிதாவதை நுண்ணோக்கியில் நேரடியாகவே படம்பிடித்தனர். நகரும் கட்டையில் எந்தத் தொடுபுள்ளியும் நீடிப்பதில்லை. ஒன்று விரிவதற்குள் பிரிந்து, அடுத்தது பிறந்துவிடுகிறது. இயக்க உராய்வு குறைவாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

எனவே மாணவியின் மூன்று எண்களுக்குள் ஒளிந்திருப்பது காத்திருந்த நேரமாகவும் இருக்கலாம். தூசியும், கைவிரல் ஈரமும், நூல் சற்றே மேல்நோக்கி இழுபட்டதும்கூட எண்ணை மாற்றும் என்பதால், ஒரே முறை பார்த்து முடிவுசெய்யக் கூடாது. ஆனால் ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் எழுதிவைத்து, பிறகு பாடநூல் மதிப்புக்கு ஏற்ப ரீடிங்கைத் திருத்தும் வழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கூலும் அப்படித் திருத்தியிருந்தால் இந்த விளைவு அவர் கண்ணில் பட்டிருக்காது. நம் பள்ளி ஆய்வகங்களுக்குக் கூடுதல் நிதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை; எனினும் இதற்குத் தேவைப்படுவது ஒரு கைக்கடிகாரமே.

கட்டையை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தூக்கி வைத்து, 1, 10, 100, 1000 விநாடிகள் காத்திருந்து, ஒரே வேகத்தில் மெதுவாக இழுங்கள். வித்தியாசம் சில சதவீதமே இருக்கக்கூடும் என்பதால் ஒவ்வொன்றையும் பத்து முறையாவது செய்யுங்கள். அட்டவணையில் எடை, இழுவிசை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ஓய்வு நேரத்துக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.