ஒலியியல் வேறு, ஒலியனியல் வேறு

மொழியியல் பாடக் காணொளி ஒன்றின் தமிழ் வசனவரியில் இப்படி ஒரு கேள்வி ஓடியது: "ஒலியியலுக்கும் ஒலியியலுக்கும் என்ன வேறுபாடு?" பேராசிரியர் கேட்டது போனெடிக்சுக்கும் (பேச்சொலிகள் பிறக்கும் விதத்தை ஆராய்வது) போனாலஜிக்கும் (ஒரு மொழி அந்த ஒலிகளை எப்படி வகுத்துக்கொள்கிறது என்று ஆராய்வது) உள்ள வேறுபாட்டை. மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார். அதன் பிறகு "ஒலியியல் இதை ஆராயும், ஒலியியல் இதை ஆராயாது" என்றே பாடம் முழுக்கப் போகிறது. தமிழை மட்டும் நம்பிப் படிக்கிறவர் பாவம்.

போனாலஜியை ஒலியியல் என்று எழுதுவது இப்போது எங்கும் பரவிவிட்டது. அது தவறு. ஒலியனியல் என்ற சொல் மொழியியல் துறையில் ஏற்கெனவே இருக்கிறது, புழக்கத்திலும் இருக்கிறது. புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'போனே' என்றால் குரல், ஒலி. 'லோகோஸ்' என்றால் பேச்சு, ஆய்வு. போனெடிக்சும் அதே 'போனே'யிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவிலேயே தொடக்கத்தில் இரண்டும் குழம்பிக் கிடந்தன. சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சசூரின் பாடக்குறிப்புகள் 1916இல் நூலாக வந்தபோது, அதில் 'போனாலஜி' என்பது பேச்சொலிகள் வாயில் பிறக்கும் விதத்தைக் குறித்தது. இன்றைய பொருளுக்கு அது கிட்டத்தட்ட நேர் எதிர். பிராகு நகர அறிஞர் வட்டம்தான் எல்லையை உறுதியாக வகுத்தது. அந்த வட்டத்தைச் சேர்ந்த துருபெத்ஸ்கோயின் போனாலஜி நூல், அவர் இறந்த மறுவருடம், 1939இல் வெளியானது.

அந்த எல்லை என்ன? 'கல்', 'தங்கம்', 'மகன்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ககரம் உண்டு, ஆனால் காதில் விழுவது மூன்று ஒலிகள். 'கல்'லில் வல்லொலி. 'தங்க'த்தில் மெல்லினத்தை அடுத்து வருவதால் அதிர்வொலி. 'மகனி'ல் உயிர்களுக்கு நடுவே தேய்ந்து ஹகரத்தை ஒட்டிய ஒலி. இவை எப்படிப் பிறக்கின்றன, நாக்கு எங்கே படுகிறது, குரல்வளை அதிர்கிறதா என்று பார்ப்பது போனெடிக்ஸ். தமிழ்ச் சொற்களில் இந்த மூன்றும் தத்தம் இடத்தில்தான் வரும், ஒன்றை மாற்றி இன்னொன்றை ஒலித்தாலும் பொருள் மாறாது, ஆகவே மூன்றும் சேர்ந்து ஓர் அலகு என்று காண்பது போனாலஜி. அந்த அலகுதான் போனீம், அதாவது ஒலியன். அதன் மூன்று வடிவங்களும் மாற்றொலிகள். 'வலி, வளி, வழி' என்பதில் ஒலி மாறினால் பொருளும் மாறுகிறது. அங்கே மூன்று ஒலியன்கள்.

இந்திக்குப் போனால் கணக்கே வேறு. அங்கே காலம், தோல், கன்னம் மூன்றையும் குறிக்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் 'கால், கால், கால்' என்றுதான் வரும். இந்திக்காரர் காதில் அவை மூன்று வெவ்வேறு சொற்கள். ஒலிகள் ஏறக்குறைய நம்மிடமும் உண்டு. அவற்றை எப்படி வகுத்துக்கொள்கிறோம் என்பதுதான் மொழிக்கு மொழி மாறுகிறது. "தமிழில் எழுத்துப் பற்றாக்குறை, ஒரே 'க' வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்ற நெடுநாள் புலம்பலும் இந்த வேறுபாடு தெரியாமல் பிறந்ததே. நம் நெடுங்கணக்கு மாற்றொலிகளை எழுதவில்லை, ஒலியன்களை எழுதியது. (பாவச்செயலில் வரும் 'பாவம்', பரதநாட்டியத்தில் வரும் 'பாவம்' என்ற இணையைக் காட்டி யாராவது மடக்கலாம். சரிதான், கடன்சொற்கள் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. அதையும் ஒலியனியல்தான் விளக்க வேண்டும்.)

இப்போது 'ஒலியியல்' என்ற சொல்லுக்கு வருவோம். பள்ளி இயற்பியலில் ஒலியியல் என்றால் அலைநீளம், அதிர்வெண், எதிரொலி. மொழியியல் நூல்கள் பலவற்றில் அதே சொல் போனெடிக்சைக் குறிக்கிறது. ஏற்கெனவே இரண்டு சுமை. மூன்றாவதாகப் போனாலஜியையும் அதன் தலையில் ஏற்றினால், "தமிழ் ஒலியியலில் ககரம் ஒன்றே" என்ற வாக்கியம் சரியா தவறா என்று எழுதியவருக்கே தெரியாது. போனாலஜி என்று கொண்டால் சரி, போனெடிக்ஸ் என்று கொண்டால் தவறு. கலைச்சொல்லின் ஒரே வேலை இப்படிப்பட்ட குழப்பத்தைத் தடுப்பது. அதையும் செய்யாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாம்.

"சூழலை வைத்துப் புரிந்துகொள்ளலாமே" என்பார்கள். இரண்டும் ஒரே சூழலில், ஒரே பாடத்தில் வரும்போது எதை வைத்துப் புரிந்துகொள்வது? இன்னொரு தொல்லை, மெய்ப்புப் பார்ப்பவர்கள். ஒலியனியல் என்று எழுதி அனுப்பினால் நடுவிலிருக்கும் 'ன'வை அச்சுப்பிழை என்று எடுத்துவிடுகிறார்கள். எனக்கே நேர்ந்திருக்கிறது.

ஒலியன் என்ற சொல்லில் 'அன்' விகுதி ஆண்பால் போல ஒலிக்கிறது என்றும் ஒரு குறை சொல்லப்படுகிறது. கட்டுவிரியனைக் கண்டு யாரும் "விரியன் வந்தான்" என்று அலறுவதில்லை. போனீம் ஒலியன், மார்ஃபீம் (பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறு) உருபன் என்று வரிசை அழகாக அமைகிறது. ஒலிக்கு ஒலியன், உருபுக்கு உருபன் என்ற உறவு சொல்லிலேயே தெரிகிறது. அதைக் கெடுப்பானேன்?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் போனாலஜியை 'எழுத்தியல்' என்கிறார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். நம் இலக்கணத்தில் எழுத்து என்பது வரிவடிவத்தை மட்டும் குறித்ததில்லை. நன்னூலே "மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து" என்கிறது. தொல்காப்பியம் எழுத்து முப்பது என்று எண்ணி, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் சார்ந்து வருபவை என ஒதுக்குகிறது. ஒலிகள் வாயில் பிறக்கும் விதத்துக்குப் பிறப்பியல் என்று தனி இயல் வைக்கிறது. எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது எதனோடு மயங்கும் என்பதை வேறு இயல்களில் பேசுகிறது. டகரமும் ரகரமும் லகரமும் சொல்லைத் தொடங்கா என்ற விதி அசல் போனாலஜி. 'இராமன்', 'உரோமம்' என்று முன்னால் உயிர் சேர்த்து எழுதியதெல்லாம் அதன் விளைவு.

ஆனால் இன்று கடைத்தெருவில் 'எழுத்தியல்' என்று சொன்னால் கல்வெட்டும் கையெழுத்தும்தான் நினைவுக்கு வரும். வரிவடிவ ஆய்வுக்கு அந்தச் சொல் தேவைப்படவும் செய்கிறது. பழம்பொருளை மீட்கிறோம் என்று புதுக் குழப்பத்தை உண்டாக்க வேண்டாம். தொல்காப்பியத்தைப் பேசும்போது எழுத்து என்போம், போனாலஜியைப் பேசும்போது ஒலியனியல் என்போம்.

அப்புறம் போனெடிக்சுக்கு? ஒலியியல் என்றே தொடரலாம்தான். ஆனால் இயற்பியலோடு மோதும் என்பதால் 'ஒலிப்பியல்' எனக்கு உவப்பு. ஒலிப்பு என்பது மனிதன் வாயால் செய்வது, ஒலி எதிலிருந்தும் வரும். தமிங்கில முறையில், அதாவது தமிழ் ஒலிப்பை ஆங்கில எழுத்துகளில் தட்டும் விசைப்பலகையை 'ஒலியியல் விசைப்பலகை' என்று பெயரிட்டிருக்கிறவர்களும் 'ஒலிப்பு விசைப்பலகை' என்று மாற்றிக்கொண்டால் நல்லது. இப்போதுள்ள பெயரைப் படித்தால் அதில் எதிரொலி கேட்கும் போலிருக்கிறது.