செப்பாங் தடத்தில் இறக்குமுன் பழைய காரில் பார்க்க வேண்டியவை

கோலாலம்பூர் செந்தூலில் கார் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டே, அதாவது சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள், நடக்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டால், வார இறுதிகளில் தாங்களே கழற்றி மாட்டி உருவாக்கிய புரோட்டோன் வீரா, சாட்ரியா, பழைய சிவிக் போன்ற கார்களை இளைஞர்கள் எங்களிடம் கொண்டுவருவார்கள். வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் வாங்கிய பெரிய எஞ்சின், புதிய எக்சாஸ்ட், பளபளக்கும் ரிம் எல்லாம் பொருத்தியிருக்கும். "அண்ணே, இன்னும் கொஞ்சம் பவர் ஏத்த முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். "தம்பி, பிரேக் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினாய்?" என்று நான் திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் பதில் வராது.

சாலையில் சிக்கலின்றி ஓடும் கார் தடத்தில் தடுமாறுவதற்கு முதன்மையான காரணம் வெப்பம். 1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. அதன் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இருக்கும். பின்பக்க நேர்ப்பாதையின் முடிவில் கூர்மையான கடைசி வளைவுக்காக முழு பலத்தோடு பிரேக்கை மிதிக்கிறோம். அந்தச் சூடு தணிவதற்குள் முதன்மை நேர்ப்பாதையும் முடிந்து, முதல் வளைவுக்காக மீண்டும் மிதிக்கிறோம். வேகம் இரட்டிப்பானால் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. கெந்திங் மலையிலிருந்து இறங்கியபோதுகூட ஒன்றும் ஆகவில்லை என்று சிலர் வாதிடுவார்கள். கியரைக் குறைத்து, அறுபது எழுபதில் இறங்கி வந்ததை இதற்கு ஈடாகச் சொல்ல முடியாது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நம் ஊர் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. டாட் என்பது பிரேக் எண்ணெயின் தர வகை. புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அதே எண்ணெய்க்கு விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 5.1 வகைக்கு இந்த அளவுகள் 260, 180 ஆகும். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. ஆகவே நீங்கள் மிதிக்கும்போது பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போய்விடும். தேய்மானக் கட்டை, அதாவது பேட், அளவுமீறிச் சூடேறினால் நேர்வது வேறு: பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால், இரண்டாவது சுற்றில் பெடல் சற்றே இளகும்போதே பிட்டுக்கு, அதாவது தடத்தோரம் கார்களை நிறுத்தும் இடத்துக்கு, திரும்ப வேண்டும் என்பது புரியும்.

எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பாருங்கள். வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டியது பால் கலக்காத காப்பியைப் போலக் கறுத்திருந்தால், அது பல ஆண்டுகள் மாற்றப்படாதது. அன்றே திறந்த புதுப் புட்டியிலிருந்து ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் பழைய எண்ணெயையும் காற்றையும் முழுமையாக வெளியேற்றுங்கள். 5 என்ற இலக்கத்தைப் பார்த்து ஏமாந்து, டாட் 5 என்னும் சிலிக்கோன் வகையை வாங்கிவிடாதீர்கள். அது மற்றவற்றோடு கலக்கக் கூடாதது. சக்கரத்தை முழுதாகத் திருப்பி, ரப்பர் பிரேக் குழாய் மடங்கும் இடத்தில் வெடிப்பு உள்ளதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால், சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் மெல்ல விலக்குங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் அது ஒழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

டயரில் பட்டைகளின் ஆழத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதன் வயதை மறந்துவிடுகிறார்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று அறியலாம். ஓடும்போது சூட்டால் காற்றழுத்தம் பல அலகுகள் ஏறும் என்பதால், சில சுற்றுகள் ஓடி பிட்டுக்கு வந்தவுடன் அளந்து சரிசெய்வதே முறை. சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி அதோடு விட்டுவிடுவது எங்கள் தொழிலிலேயே பரவலாக உள்ள கெட்ட பழக்கம். கார்க் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும், சக்கரம் ஆறியதும், மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

எஞ்சினைப் பொறுத்தவரை, கசிவுதான் என் முதல் கவலை. உங்கள் எண்ணெய் தடத்தில் சிந்தினால் பின்னால் வருபவர் சறுக்குவார். ஐந்தாவது, ஆறாவது வளைவுகள் போன்ற நீண்ட, வேகமான வளைவுகளில் எண்ணெய் அதன் தொட்டியில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கக்கூடும் என்பதால், மேல்குறி வரை நிரப்பியிருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள்தான். ஆனால் நீரை அழுத்தத்தில் வைத்து அதன் கொதிநிலையை உயர்த்துவது அதுதான் என்பதால், ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சூடு குறையும் என்று நம்பி, எஞ்சின் நீரோட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பழுதான ரேடியேட்டரை அது ஒருபோதும் சரிசெய்யாது.

பேட்டரி அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர்ப் புட்டி பிரேக் பெடலுக்குக் கீழே போய்ச் சேரலாம் என்பதால் காரை முழுதும் காலி செய்யுங்கள். சாதாரண இருக்கையில், சரியான பிடிமானப் புள்ளிகள் இல்லாமல், அழகுக்காக மாட்டும் நான்குமுனை இருக்கைப் பட்டையைவிட நிறுவனம் பொருத்திய மூன்றுமுனைப் பட்டையே பாதுகாப்பானது. மோதலில் உடல் பட்டைக்கு அடியில் வழுக்கிப் போகும் ஆபத்து முன்னதில் அதிகம். காப்புறுதியையும் படித்துப் பாருங்கள். நம் நாட்டுத் தனியார் கார் காப்புறுதிகள் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொறுப்பேற்பதில்லை.

பிற்பகல் மழையைக் கணக்கில் வைத்து வாருங்கள். 2009-ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 போட்டியே இங்கு கனமழையால் இடையில் நிறுத்தப்பட்டு, பாதிப் புள்ளிகள்தாம் வழங்கப்பட்டன. தேய்ந்த டயரோடு அந்த மழையில் "இன்னும் ஒரு சுற்று" என்று இறங்குவதை எந்தப் போர்மனும், அதாவது பட்டறை மெக்கானிக்கும், பரிந்துரைக்க மாட்டார்.

ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்கைக் கூடியவரை தொடாமல் மெதுவாக ஓட்டி, காரை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். மாலையில் அதே காரில்தான் நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூர் திரும்பப் போகிறீர்கள் என்றால், பெடலின் உறுதி, பேட்டின் தடிப்பு, நட்டுகள், கசிவு ஆகியவற்றைப் புறப்படுமுன் மறுபடியும் பாருங்கள். பெடல் சற்றே இளகியிருந்தாலும் இழுவை லாரியை அழைத்துவிடுங்கள். அதற்கான பணத்தை நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்தே ஒதுக்கி வையுங்கள்.