பொலிட்டிகல் சோஷியலைசேஷன்: இத தமிழ்ல எப்படிச் சொல்றது?

காலேஜ்ல பொலிட்டிகல் சயின்ஸ் எடுத்தவங்களுக்கு இந்தச் சொல் பழக்கமா இருக்கும், தமிழ் மீடியம் புக்ல இதையே "அரசியல் சமூகமயமாக்கம்"னு போட்டிருப்பாங்க, பரீட்சைக்கு அஞ்சு மார்க் கேள்வியா வரும், எழுதிட்டு வெளிய வந்ததும் மறந்துடும். ஆனா சொல்ற விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு கொடியப் பாத்தா நமக்கு ஏன் குஷி வருது, இன்னொரு கொடியப் பாத்தா ஏன் மூஞ்சி சுருங்குது, அந்தப் பழக்கம் எந்த வயசுல யார்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். "நாங்க பரம்பரை காங்கிரஸ்", "எங்க வீடு அந்தக் காலத்துலேருந்தே உதயசூரியன்"னு சொல்றவங்கள எல்லாருக்கும் தெரியும். சொத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் போடுற பரம்பரைங்கிற சொல்லக் கட்சிக்கும் போட்டாங்க பாருங்க, சும்மா போடல.

நம்ம ஊர்ல இது பேர் வைக்கிறப்பவே ஆரம்பிச்சிடும். 1953 மார்ச் 1ம் தேதி கருணாநிதிக்குப் பிறந்த பையனுக்கு, நாலே நாள் கழிச்சு மாஸ்கோல செத்துப்போன தலைவரோட பேரு வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அந்தக் குழந்தை ரெண்டு மாசம் முன்னாடியே பிறந்து பேர் வச்சு முடிச்சிருந்தா அந்தப் பேரு வந்திருக்க வாய்ப்பே இல்ல. எந்த மாதிரி பேரு வைக்கணும்ங்கிறது அப்பாவோட அரசியல், எந்தப் பேரு அமைஞ்சதுங்கிறது தேதி. இந்த ரெண்டும் ஒட்டித்தான் வரும், கடைசி வரைக்கும் இத மனசுல வச்சுக்கங்க.

இப்ப சொல்லுக்கு வருவோம். மூலம் லத்தீன், அங்க "சோசியஸ்"னா கூட்டாளி, தோழன். அதுலேருந்து சோஷியல், அதுலேருந்து சோஷியலைஸ். ஆபீஸ்ல "அவ யார்கிட்டயும் சோஷியலைஸ் பண்ண மாட்டா"னு சொல்றப்போ பழைய அர்த்தத்துக்குக் கிட்டதான் நிக்கிறோம், கூட்டு சேர மாட்டாங்கிறதுதானே அது. தனியார் சொத்தப் பொதுவுடைமை ஆக்குறதுக்கும் இதே சொல்லப் போடுறாங்க, அந்த அர்த்தம் நமக்கு இங்க வேண்டாம். பிரான்ஸ் சமூகவியலாளர் துர்கைம் படிப்புங்கிறதே இளைய தலைமுறைய முறைப்படி சோஷியலைஸ் பண்றதுதான்னு எழுதினார், அதாவது பெரியவங்க பண்ணுவாங்க, பிள்ளைங்க வாங்கிக்கும். முன்னாடி பொலிட்டிகல் சேத்து, அதையே தலைப்பா வச்சு 1959ல புக் போட்டவர் ஹெர்பர்ட் ஹைமன்ங்கிற அமெரிக்கர். அதுக்கப்புறம் அந்தத் துறையில பசங்களையும் அப்பா அம்மாவையும் உக்கார வச்சுக் கேள்வி கேக்குறது பெரிய வேலையாவே ஆகிப்போச்சு.

தமிழ்ல "சமூகமயம்"ங்கிறது ரெண்டு துண்டுமே வடமொழி. சமூகம்னா முதல்ல கூட்டம், குவியல். இதுகூட குழப்பிக்கிற மாதிரி இன்னொரு சொல் இருக்கு, சமுகம், அதுக்கு நேர்ல முகத்துக்கு முன்னாடி இருக்கிறதுன்னு அர்த்தம், பழைய கடுதாசியில "அவர்கள் சமுகத்துக்கு"ன்னு ஆரம்பிப்பாங்களே அது. இலங்கையில இன்னைக்கும் கூட்டத்துக்கு வந்தாருங்கிறத "சமுகமளித்தார்"னு எழுதுவாங்க. மயம்னா நிறைஞ்சு கிடக்கிறது, "ஒரே புகைமயம்"ங்கிறோமே. ஆக சமூகமயம்னா ஆளுக்குள்ள சமூகம் ரொம்பிப் போறது. அர்த்தம் தப்பில்ல, வாய்ல நுழையாது, அதுதான் பிரச்சனை.

அத விடப் பெரிய பிரச்சனை வாலுல இருக்கு. சமூகமய"மாக்கம்"னு ஒரு புக்ல இருக்கும், சமூகமய"மாதல்"னு இன்னொரு புக்ல இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான்னு வாத்தியாரே சொல்லிடுவார். ஒண்ணு இல்லங்க. ஆக்கம்னா பிறவினை, ஒருத்தர் இன்னொருத்தரப் பிடிச்சு ஆக்குறாங்க. ஆதல்னா தன்வினை, தானா ஆகுது. வீடும் ஸ்கூலும் கட்சியும் நம்மள ஆக்குதுன்னு சொன்னா முதல் சொல் சரி, ஆனா நிஜத்துல அப்படித்தான் நடக்குதான்னு பாக்கணும்ல.

பாத்திருக்காங்க. 1965ல கென்ட் ஜென்னிங்ஸ், ரிச்சர்ட் நீமின்னு ரெண்டு பேர் அமெரிக்கா முழுக்க 97 ஸ்கூல்ல கடைசி வகுப்பு படிச்ச 1669 பசங்களப் பேட்டி எடுத்தாங்க, அவங்க அப்பா அம்மாவையும் தனியா எடுத்தாங்க. கட்சி விஷயத்துல பிள்ளைங்க பெத்தவங்களோட நல்லாவே ஒத்துப்போனாங்க, டெமாக்ரட் கட்சி வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் டெமாக்ரட்தான். ஆனா தனித்தனி விவகாரங்கள்ல என்ன நினைக்கிறாங்க, அரசியல்வாதிய எவ்வளவு நம்புறாங்கன்னு கேட்டப்போ அந்த ஒற்றுமை ரொம்பவே தேஞ்சுபோச்சு. அதாவது கட்சி பேரு வீட்டுலேருந்து வந்துது, கருத்து அந்த அளவுக்கு வரல. எனக்கு இது ஆச்சரியமா இல்ல, சாப்பாட்டு நேரத்துல யாரும் கொள்கை விளக்கம் கொடுக்கிறதில்ல, டிவில யாரோ வந்தா அப்பா சேனல மாத்துவார், பிள்ளை அத மட்டும் கவனிச்சு வச்சுக்கும்.

கதை இங்க முடியல, இனிமேதான் ருசியே. அந்தப் பசங்க 22 வயசு சுமாருக்கு வந்தப்போ வியட்நாம் போர். 1969 டிசம்பர் 1 ராத்திரி வாஷிங்டன்ல, பட்டாளத்துக்குக் கட்டாயமா எந்த வரிசையில ஆள் எடுக்கிறதுன்னு முடிவு பண்ண குலுக்கல் நடந்துது, டிவியில லைவ். 366 நீல பிளாஸ்டிக் குப்பி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு தேதி, எல்லாத்தையும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடில கொட்டி, அலெக்ஸாண்டர் பிர்னின்னு ஒரு எம்பி முதல் குப்பிய எடுத்தார். செப்டம்பர் 14. 1944லேருந்து 1950க்குள்ள அந்தத் தேதியில பிறந்த ஆம்பளைங்க எல்லாருக்கும் நம்பர் 1, அதாவது முதல்ல கூப்பிடுறது அவங்களத்தான். கடைசியா வந்தது ஜூன் 8, நம்பர் 366. அடுத்த வருஷம் 195 வரைக்கும் கூப்பிட்டாங்க, அதுக்கு மேல நம்பர் விழுந்தவன் தப்பிச்சான். இதுல இன்னொரு கூத்து, குப்பிகள மாசம் மாசமா வரிசையாப் போட்டு ஒழுங்காக் கலக்காம விட்டதால டிசம்பர்ல பிறந்தவங்களுக்கு சின்ன நம்பர் நிறைய விழுந்துடுச்சு. ஆளுங்க கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சு சத்தம் போட, அடுத்த குலுக்கலுக்கு முறையவே மாத்திட்டாங்க.

2011ல ராபர்ட் எரிக்சன், லாரா ஸ்டோக்கர்னு ரெண்டு ஆய்வாளர்கள் பழைய 1965 பசங்கள்ல ஆம்பளைப் பசங்ககிட்ட அப்பவும் குலுக்கலுக்கு அப்புறமும் எடுத்த பேட்டிகளத் தூசி தட்டி எடுத்து, அவங்க பிறந்த தேதிக்கு விழுந்த நம்பரப் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. சின்ன நம்பர் விழுந்தவங்க போர எதிர்க்கிற பக்கம் போயிருந்தாங்க, பொதுவாவே லிபரல் ஆகியிருந்தாங்க, 1972 ஜனாதிபதி தேர்தல்ல நிக்சன விட்டுட்டு, போர எதிர்த்த டெமாக்ரட் வேட்பாளர் மெக்கவர்னுக்கு ஓட்டுப் போடுற வாய்ப்பு அவங்ககிட்ட அதிகமா இருந்துது, ஸ்கூல் வயசுல வீட்டுலேருந்து கொண்டு வந்த கட்சியக் கை விட்டதும் அவங்கதான் அதிகம். பட்டாளத்துக்குப் போய் அடிபட்டு வந்ததாலயான்னா அதுவும் இல்ல, நம்பர் விழுந்ததே போதுமானதா இருந்துது. 1990கள்ல திரும்பப் போய்க் கேட்டப்பவும் அதோட தடம் இருந்துதாம். போரப் பத்தின கருத்துல வீட்டுக் கட்சிய விட ஜாடி நம்பருக்கு பலம் அதிகம்னு வந்துச்சுன்னா, ஆக்கினது யாரு, அந்த எம்பியோட கையா?

அதுக்காக வளர்ப்பு ஒண்ணுமே இல்லன்னு ஓடிடக் கூடாது. அந்த ஆய்வுல இந்தக் குலுக்கல் கடிச்சது காலேஜ் போற வழியில இருந்த பசங்களத்தான், ஏன்னா காலேஜ்ல படிச்சா பட்டாளத்துலேருந்து தள்ளிவைப்பு உண்டு, அது முடியப்போற நேரத்துல ஜாடி வந்து நின்னுது. காலேஜ் போகாதவங்க விஷயம் பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு வழியா முடிஞ்சிருந்துது. காலேஜுக்கு அனுப்ப வீட்டுல வசதி இருந்துதா இல்லையாங்கிறதுதான் எவன் குலுக்கலுக்கு ஆளாகணும்னே தீர்மானிச்சிருக்கு.

சரி, தமிழ்ச் சொல். "அரசியல் வளர்ப்பு"ன்னு சிலர் சொல்றாங்க, கேக்க நல்லாருக்கு, ஆனா நம்ம ஊர்ல "வளர்ப்பு சரியில்ல"ன்னாலே நேரா அம்மா தலையில போய் விடியும், குப்பிக்கு அதுல இடமே இல்ல. திருக்குறள் 452ல "இனத்தியல்பு"ன்னு ஒரு சொல் கிடக்கு, நிலத்தப் பொறுத்துத் தண்ணி மாறுற மாதிரி சேர்க்கையப் பொறுத்து அறிவு மாறும்ங்கிற இடம். அங்க இனம்னா சேர்ந்திருக்கிற கூட்டாளிகள், லத்தீன் சோசியஸுக்கு இத விட நெருக்கமா தமிழ்ல ஒரு சொல் கிடைக்கிறது கஷ்டம். ஆனா இன்னைக்கு "அரசியல் இனத்தியல்பு"ன்னு எழுதிப் பாருங்க, படிக்கிறவங்க வேற சண்டைக்குக் கிளம்பிடுவாங்க. இனம்ங்கிற சொல் ரொம்ப தூரம் போயிடுச்சு, திரும்பக் கூட்டிட்டு வர முடியாது.

என்னோட ஓட்டு "வளர்சார்பு"க்கு. சார்ங்கிற வேர்ல ஒட்டுறது, சாயுறது ரெண்டும் இருக்கு, கட்சிக்கும் பொருந்தும், கட்சி இல்லாத கருத்துக்கும் பொருந்தும். முன்னாடி நிக்கிற வளர் வினைத்தொகை, வளர்ந்த, வளர்ற, வளரப்போற மூணு காலமும் அதுல ஒளிஞ்சிருக்கு, 17 வயசுல முடிஞ்சிடுச்சுன்னு சொல்லாது. வளர்த்தது யாருன்னும் கேக்காது. டெக்ஸ்ட் புக் எழுதறவங்க பழைய சொல்லத்தான் போடுவேன்னா போடட்டும், குறைஞ்சபட்சம் "மாக்கம்"ங்கிறத "மாதல்"னு மாத்திட்டா போதும். புதுச் சொல்ல எடுத்துக்கிறவங்க "அவரோட வளர்சார்பு அப்படி", "என் வளர்சார்பு காலேஜ்ல திசை மாறிடுச்சு"ன்னு தாராளமா எழுதலாம், நடுவுல ஒரு "ச்" மட்டும் போட்டுடாதீங்க, வளர்பிறைக்கு நடுவுல "ப்" போடுறதில்லையே, அதே விதிதான் இதுக்கும்.