பிள்ளை ‘அரும்பு’ என்றால் ஃபெயில் என்று அர்த்தமில்லை

எதிர்வீட்டு அக்கா போன வாரம் மகளின் பயிற்சி நூலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளை அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. டீச்சர் அவள் படிப்பில் ‘அரும்பு’ நிலையில் இருக்கிறாள் என்று சொன்னாராம், அப்போ ஃபெயிலா என்று கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் குழப்பம் நிறையப் பெற்றோருக்கு இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தே கைவிட்டுப் போனது. அதைச் சரிசெய்யத் தமிழ்நாடு அரசு 2022 ஜூன் 13 அன்று தொடங்கியதுதான் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை இருந்தது, 2023-24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

இதில் பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும் என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து சொல்லித் தருகிறார்கள். அதற்கு மூன்று நிலைகள். அரும்பு என்றால் ஏறக்குறைய ஒன்றாம் வகுப்பு அளவு, மொட்டு இரண்டாம் வகுப்பு, மலர் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் எழுத்திலிருந்து மறுபடி பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை மூன்றாம் வகுப்புப் பாடத்தில் உட்கார வைத்து மிரள விடுவதைவிட இது எவ்வளவோ மேல். படிக்கப் படிக்க அடுத்த நிலைக்குப் போகலாம்.

‘எனக்கே சரியா படிக்க வராதே, வீட்டுல நான் என்ன சொல்லித்தர?’ என்றார் அக்கா. சமையலறையிலிருந்து ஒரு பருப்பு பாக்கெட்டை எடுத்து அந்தப் பிள்ளையிடமே கொடுத்தேன். முதல் ‘ப’வைச் சட்டென்று தொட்டாள். ‘ப்’ வந்ததும் விரல் நின்றது, இதுக்கு மட்டும் ஏன் தலையில புள்ளி என்றாள், அப்புறம் ‘பு’வைப் பார்த்து இதுவும் ‘ப’ குடும்பமா என்று அவளே கேட்டாள். ஒரே சொல்லில் ‘ப’ குடும்பத்து எழுத்து மூன்று, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, எதை வேண்டுமானாலும் இப்படிப் பார்க்க வைக்கலாம்.

படிக்கவே தெரியாத பெற்றோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு, ராத்திரி கதை சொல்வது, விடுகதை போடுவது. காதில் விழாத சொல்லைப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தாலும் அதற்குப் பொருள் தெரியாது. பாட்டி வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். தப்பாகப் படித்தால் மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள், அப்புறம் புத்தகத்தையே தொட மாட்டார்கள்.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது ‘ஏன் இன்னும் மலருக்குப் போகலை’ என்று டீச்சரிடம் கேட்க வேண்டாம். ‘இப்போ எந்த எழுத்துல தடுமாறுறா, இந்த வாரம் வீட்டுல எதைப் பார்க்கட்டும்’ என்று கேளுங்கள்.