தண்ணி பச்சையாயிடுச்சா? மருந்து வாங்க ஓடாதீங்க, முதல்ல வரத்து வாய்க்காலைப் போய்ப் பாருங்க

குளம், ஏரித் தண்ணிய டெஸ்ட் பண்ணி சரிபண்ற வேலைல பல வருஷமா இருக்கேன். என்னைக் கூப்பிடுறவங்க முக்காவாசிப் பேர் கேக்குறது ஒரே கேள்விதான், "தண்ணி பச்சையாயிடுச்சு, என்ன ஊத்தலாம்?" எதையும் ஊத்தாதீங்கன்னு சொன்னா, ஏதோ வேலை தெரியாத ஆள் மாதிரி பாக்குறாங்க. ஆனா நான் ஏன் அப்படி சொல்றேன்னா ஒரு குளத்துல நடந்ததைக் கண்ணால பாத்தவன் நான்.

அந்தக் குளத்துல முதல் நாள் சாயங்காலம் யாரோ சொன்னாங்கன்னு மயில்துத்தத்தைக் கரைச்சு ஊத்திட்டாங்க, பாசி செத்துடும்னு. செத்துச்சு, அது உண்மைதான். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி நான் போறப்போ மீனெல்லாம் தண்ணி வந்து விழுற மூலையில ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கியடிச்சு, மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிட்டு இருந்துச்சு. மீட்டரை விட்டுப் பாத்தா ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கூட இல்ல. மீன் நல்லா இருக்கணும்னா 5க்கு மேல வேணும். செத்த பாசி அழுகுது, அழுக வைக்கிற பாக்டீரியா ஆக்சிஜனை இழுக்குது, ராத்திரி வெயிலும் இல்லாததால புதுசா ஆக்சிஜன் உண்டாகவும் வழி இல்ல, வெயில் ஏறுறதுக்குள்ள கரையெல்லாம் மீன் ஒதுங்கிடுச்சு. இதுல பெரிய வேதனை என்னன்னா, ஒரு மாசத்துக்குள்ள தண்ணி மறுபடியும் பச்சை. பாசி செத்துச்சே தவிர அது தின்ன சாப்பாடு அந்தத் தண்ணிக்குள்ளயேதான இருக்கு!

அந்த சாப்பாடு பெரும்பாலும் பாஸ்பரஸ், கழிவுநீர், சாணி, உரத்துல எல்லாம் இருக்கற சத்து. 1973ல கனடாவுல டேவிட் ஷிண்ட்லர்ங்கற ஏரி ஆராய்ச்சியாளரோட குழு ஒரு ஏரியை நடுவுல திரை போட்டு ரெண்டா பிரிச்சாங்க, ரெண்டு பக்கமும் கார்பன், நைட்ரஜன் போட்டாங்க, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேத்துப் போட்டாங்க. அந்தப் பக்கம் மட்டும் பச்சைப்பசேல்னு ஆயிடுச்சு, மேலருந்து எடுத்த போட்டோவுல கோடு கிழிச்ச மாதிரி தெரியும். அமெரிக்காவுல சியாட்டில் பக்கத்துல இருக்கற வாஷிங்டன் ஏரிக்குள்ள ஊர்க் கழிவுநீர் விழுந்துட்டு இருந்துச்சு, 1963லருந்து 1968க்குள்ள அதை வேற பக்கம் திருப்பி விட்டாங்க, ஏரி தானா தெளிய ஆரம்பிச்சுது.

அதனால முதல் வேலை, நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துட்டு வாய்க்கால் ஓரமா மேல நடந்து போங்க. சோப்புத் தண்ணி எங்க கலக்குது, கழிப்பறைத் தொட்டி எங்க கசியுது, சாணிக்குவியலைக் கழுவிட்டு எது வருது, உரம் போட்ட மண்ணு எங்கருந்து கரைஞ்சு ஓடியாருது, எல்லாம் அந்த அரைமணி நேரத்துல தெரிஞ்சிடும், வெயில் நாள்ல போனா ஒண்ணும் தெரியாது. அடைக்க முடிஞ்சதை அடைங்க. முடியாததுக்கு, குளத்துல விழுறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு வண்டல் குழி வெட்டி, அதுக்கடுத்து கோரை, சம்பு, நாணல் வெச்சு ஆழமில்லாத பரப்புல தண்ணிய பரவி மெதுவா போக விடுங்க. பரவணும், அதுதான் முக்கியம். நிறைய இடத்துல செடி அழகா வெச்சிருப்பாங்க, தண்ணி நடுவுல ஓடை கிழிச்சுக்கிட்டு நேரா குளத்துக்குள்ள போயிட்டிருக்கும், அப்புறம் செடி இருந்து என்ன பிரயோஜனம்.

செடியை அறுத்து வெளிய கொண்டு போறதையும் மறந்துடாதீங்க. செடி சத்தை உறிஞ்சி வெச்சுக்குது, அவ்ளோதான். அங்கயே மடிஞ்சு அழுகினா இல்ல அறுத்து கரையிலயே குவிச்சு வெச்சா அடுத்த மழைக்கு எல்லாம் திரும்ப உள்ள போயிடும். ஆகாயத்தாமரை தண்ணிய சுத்தம் பண்ணுதுன்னு சொல்றது பாதி உண்மை, வாராவாரம் அள்ள ஆள் இருந்தா சரி, இல்லன்னா கொஞ்ச நாள்ல குளத்தையே மூடி அடியில வெளிச்சமும் காத்தும் போகாம பண்ணிடும்.

மீன் விஷயத்துலயும் கொஞ்சம் யோசிங்க. டாப்னியான்னு ஒரு குட்டிப் பூச்சி, குண்டூசித் தலை அளவுதான், கண்ணாடி டம்ளர்ல தண்ணி மொண்டு வெளிச்சத்துல பிடிச்சா துள்ளித் துள்ளிப் போகும், அது பாசியை வடிகட்டித் தின்னும். நான் சொன்ன வாஷிங்டன் ஏரியே 1976ல இந்தப் பூச்சி பெருகினப்புறம் இன்னும் தெளிஞ்சுது. சின்ன மீனைக் கொண்டு வந்து குளத்துல நிறைய விட்டா, அதுங்க தின்னு முதல்ல காலியாகுறது இந்தப் பூச்சிதான். அடிச்சேத்தைக் கிளறித் தின்னுற கெண்டை வகை அதிகமானா சேத்துல படிஞ்ச சத்தெல்லாம் மேல வந்துடும்.

ஏரேட்டர், அதாவது தண்ணிக்குள்ள காத்து ஏத்துற மெஷின், போடலாமான்னு கேப்பாங்க. போடலாம், ஆனா அடியிலருந்து குமிழி விடுறதா இருக்கணும், மேல பீச்சுற ஃபவுண்டன் ஆழமான குளத்துல அடி வரைக்கும் எட்டாது. அடிச்சேத்துல ஆக்சிஜன் இருந்தா அங்க இருக்கற இரும்பு பாஸ்பரஸைப் பிடிச்சு வெச்சுக்கும், ஆக்சிஜன் தீந்துட்டா விட்டுடும். முதல் நாளே முழுநேரமும் ஓட்டாதீங்க, அடியில கெட்டுக்கிடக்குற தண்ணி மொத்தமும் ஒரேயடியா மேல வந்து மீன் செத்துடும், தினம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டுங்க. தண்ணிய சுத்தம் பண்ணும்னு விக்கிற பாக்டீரியா பவுடர், நுண்ணுயிர் கலந்த மண்ணுருண்டை இதெல்லாம் நான் யாருக்கும் சொல்றதில்ல, வரத்து அப்படியே இருக்கும்போது அதுல போடுற காசு வீண்.

ஒண்ணு மட்டும் பயந்தே சொல்றேன். பெயிண்ட் கொட்டின மாதிரி நீலப்பச்சையா ஏடு கட்டி நின்னுதுன்னா அது விஷம் விடுற வகையா இருக்கலாம், பார்த்து சொல்ல முடியாது, அதனால குழந்தைங்க, நாய், மாடு எதையும் பக்கத்துல விடாதீங்க. காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது.

தண்ணி தேறுதான்னு பாக்க பெரிய லேப் வேணாம். 1865ல ஆஞ்சலோ செக்கின்னு ஒரு இத்தாலிப் பாதிரியார் கடல்ல வெள்ளைத் தட்டை இறக்கிப் பாத்த அதே முறைதான். 20 சென்டிமீட்டர் தட்டுக்கு நாலு பாகமா கறுப்பு வெள்ளை மாத்தி மாத்தி பெயிண்ட் அடிச்சு, கயித்துல அளவு குறிச்சு, கண்ணுக்கு மறையுற ஆழத்தை வாரம் ஒரு தடவை அதே இடத்துல, அதே நேரத்துல நோட்டுல எழுதுங்க. பெரிய மழைக்கு மறுநாள் எடுத்த அளவை மட்டும் தனியா வட்டம் போட்டு வைங்க, நீங்க அடைச்ச வாய்க்கால் நிஜமாவே அடைஞ்சிருக்கான்னு அதுலதான் தெரியும்.