'லோட்' என்றால் பதிவேற்றமா?

புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல்மொழி ஆர். அதில் பேக்கேஜ் என்பது ஆயத்த நிரல்களின் கட்டு. 'லோட் பேக்கேஜ்' என்பதைத் தமிழில் 'தொகுப்பைப் பதிவேற்றவும்' என்று எழுதுகிறார்கள். இரண்டே சொல், இரண்டும் பிழை.

பேக்கேஜை முதலில் கணினியில் வைப்பது இன்ஸ்டால், பிறகு பயன்படுத்த எடுப்பது லோட். இன்ஸ்டால் இடைக்கால லத்தீனிலிருந்து வந்த சொல். தேவாலய குருவை அவருக்குரிய இருக்கையில் அமர்த்துவது. நமக்கு 'நிறுவு' இருக்கிறது. லோட் என்றால் சுமை, சுமை ஏற்றுவது. 'ஏற்று' போதும்.

அதில் 'பதிவு' ஏன் வந்து ஒட்டியது? பதிவேற்றம் என்பது அப்லோட். நம் கணினியிலிருந்து வெளியே அனுப்புவது. ஆரில் பேக்கேஜை ஏற்றும் கட்டளையான லைப்ரரி() எதையும் அனுப்பாது. வட்டில் கிடக்கும் பொதியை, அதாவது பேக்கேஜை, நடப்பு அமர்வுக்குள் கொண்டுவரும், அவ்வளவே. பாம்பன், மண்டபம் கரையில் வலையை வாங்கி வீட்டில் போடுவது ஒரு தடவை, அது நிறுவல். கடலுக்குப் போகும்போதெல்லாம் படகில் ஏற்ற வேண்டும். "வலையை ஏத்தியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பதிவேற்றியாச்சா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

இந்தக் குழப்பத்தால் பிழைச்செய்தியும் புரியாமல் போகிறது. 'நோ பேக்கேஜ் கால்ட்' என்று வந்தால் பெரும்பாலும் நிறுவவில்லை. 'குட் நாட் ஃபைண்ட் ஃபங்க்ஷன்' என்று வந்தால், பெயரை எழுத்துப்பிழையின்றி அடித்திருந்தால், பெரும்பாலும் ஏற்றவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

'தொகுப்பு' இன்னும் மோசம். டேட்டாசெட் தரவுத்தொகுப்பு, மூலநிரலை இயங்கும் நிரலாக்கும் கம்பைல் தொகுத்தல், பேக்கேஜும் தொகுப்பு. மூலநிரலிலிருந்து நிறுவுவதைச் சொல்ல வந்தவர் 'தொகுப்பைத் தொகுத்து' என்று எழுத வேண்டியதுதான். 'பொதி' என்ற நல்ல சொல் கழுதை முதுகில் மட்டும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

அடுத்தது 'தானியங்கி பதிவேற்றம்'. பொதி இல்லாவிட்டால் நிரலே நிறுவி ஏற்றிக்கொள்வதை இப்படி எழுதுகிறார்கள். தானியங்கி என்பது கருவியின் பெயர். இங்கே நடப்பது 'தானே நிறுவி ஏற்றல்'. ஏற்றுவதற்கான இன்னொரு கட்டளை ரெக்வயர்(), பொதி இல்லாவிட்டால் நிற்காது. எச்சரித்துவிட்டு ஃபால்ஸ் என்று தரும். அதைப் பிடித்து, ஃபால்ஸ் வந்தால் நிறுவும் கட்டளை இன்ஸ்டால்.பேக்கேஜஸ்(), பிறகு லைப்ரரி() என்று எழுதுவார்கள். நிறுவும்போது பொதியின் பெயருக்கு மேற்கோள்குறி கட்டாயம், ஏற்றும்போது வேண்டியதில்லை. நிரல்கோப்பை நேரடியாக ஓட்டும் ஆர்ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டினால், கிரான் (பொதிகளின் இணையக் களஞ்சியம்) மிரர் எனப்படும் நகல் தளத்தின் முகவரியையும், முன்பே அமைத்திராவிட்டால், இன்ஸ்டால்.பேக்கேஜஸ்() கட்டளையின் ரெப்போஸில் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மிரர் குறிக்கவில்லை என்று நின்றுவிடும்.