ஊசி குத்திவிட்டால்: முதலில் மாத்திரை, பிறகு காகிதம்

வார்டுக் குப்பையைக் கட்டித் தூக்கும்போது பை தொடையில் உரசுகிறது. கெட்டியான வெள்ளை டப்பாவில் போட வேண்டிய ஊசியை யாரோ மஞ்சள் பையில் வீசியிருக்கிறார்கள். அது புடவையையும் தாண்டிக் குத்திவிடுகிறது. ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த தூய்மைப் பணியாளர் போய்ச் சொன்னால், "உன் ஏஜென்சியைக் கேள்" என்கிறது மருத்துவமனை. "அங்கேதானே குத்தியது, அவர்கள்தான் பார்க்க வேண்டும்" என்கிறது ஏஜென்சி. இந்த அலைக்கழிப்பிலேயே ஓர் இரவு கழிந்துவிடும்.

அந்த இரவுதான் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையின் முதல் வேளையை இரண்டு மணி நேரத்துக்குள் விழுங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. "மூன்று நாள் இருக்கிறதே, நாளை பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குத்திய இடத்தைப் பிதுக்க வேண்டாம், பிளீச்சிங் திரவமும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சிறிய கிளினிக்கில் வேலை செய்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அங்குள்ள ஏ.ஆர்.டி. மையம், அதாவது எச்.ஐ.வி. மருந்து தரும் பிரிவு, இரவில் பூட்டியிருக்கும். அதனால் "காலையில் வா" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். முதல் வேளை மாத்திரை அவசரப் பிரிவிலேயே இருக்க வேண்டும். அங்கேயே நின்று கேளுங்கள். மொத்தம் 28 நாள் மாத்திரை, நடுவில் நிறுத்தக் கூடாது. ஆலோசனைக்கு 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

சட்டம் சுருக்கமானது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 19-ஆம் பிரிவில், மருத்துவமனையில் வேலை செய்யும், தொற்று அபாயமுள்ள எல்லோருக்கும் இந்தத் தடுப்பு மருந்தை நிறுவனமே தர வேண்டும் என்கிறது. சம்பளம் யார் கையால் வருகிறது என்று அது பார்க்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளும் அப்படியே: ஊழியர்களோடு "கழிவைக் கையாளும் பிறருக்கும்" மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, டெட்டனஸ் தடுப்பூசி, ஆண்டுக்கு ஒரு முறையாவது உடல் பரிசோதனை, பயிற்சி ஆகியவற்றைத் தரும் பொறுப்பு மருத்துவமனையுடையது. ஒப்பந்தத் தொழிலாளி என்ற பேச்சு இங்கே செல்லாது.

ஆனால் ஏமாற்று வேலை காகிதத்தில்தான் நடக்கிறது. ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றதும் நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்து வாங்குவார்கள். மூன்று தவணை போட வேண்டிய காமாலைத் தடுப்பூசியை ஒன்றோடு நிறுத்திவிட்டுப் பதிவேட்டில் முடிந்தது என்று எழுதிக்கொள்வார்கள். முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் மீதி இரண்டையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தேதி போட்ட அட்டையை வீட்டில் வையுங்கள். அட்டை இல்லாதவரைத் தடுப்பூசி போடாதவராகத்தான் டாக்டர் நடத்துவார். அதுவே சரியும்கூட, ஏனென்றால் காமாலைக்கும் உடனே ஊசி தேவைப்படலாம்.

அடுத்த பொறி, "அந்த நோயாளியின் ரத்த ரிப்போர்ட் வரட்டும்" என்பது. மாத்திரையை முதலில் தொடங்க வேண்டும். ரிப்போர்ட்டில் தொற்று இல்லை என்று தெரிந்தால் டாக்டரே நிறுத்திவிடுவார். நோயாளியின் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனையைச் செய்யவும் முடியாது. அதற்காக நீங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? பையில் கிடந்தது யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாவிட்டாலும் டாக்டர் உங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "யாருடையது என்றே தெரியாதே" என்று சொல்லி சூப்பர்வைசர் அனுப்பிவிட முடியாது.

உங்கள் ரத்தத்தையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். பலர் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். பின்னால் தொற்று தெரியவந்தால் "இது முன்பே இருந்தது" என்று கைகழுவ அதுவே வழி செய்துவிடும். பிறகு ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று மறுபரிசோதனைகள் உண்டு.

"என் கவனக்குறைவால் குத்தியது" என்று எழுதிக் கேட்டால் எழுதாதீர்கள். நீங்களே ஒரு தாளில் தேதி, நேரம், எந்த வார்டு, எந்த நிறப் பை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதி, தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடமோ நிர்வாக அலுவலகத்திலோ கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையுடன் பதிவு செய்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் விபத்து அறிக்கை அனுப்பச் சொல்லி ஏஜென்சிக்கும் ஒரு நகல் கொடுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. "நீ புதிதாகச் சேர்ந்தவள்" என்ற பதில் பொய்.

இந்த நகல் இன்னொன்றுக்கும் உதவும். ஊசி குத்திய சம்பவங்களையும் அவற்றுக்கு எடுத்த நடவடிக்கையையும் மருத்துவமனை ஒவ்வொரு ஜூன் 30-க்குள் ஆண்டறிக்கையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதில் "எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தால், முத்திரையிட்ட உங்கள் நகலோடு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.